கவைக்கொம்பு வந்த ஞாயிறு

மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று
ஞாயிறுதோறும் கத்துவது என் வேலை.
'களம் சூடு' என்றால் சுடலாம்.
'களம் குளிர்' என்றால்
துப்பாக்கியைத் தொட்ட கைக்கு
ஒரு மாதம் உள்ளே இடமில்லை.

ராலின்ஸிலிருந்து வடக்கே பதினோரு மைல்.
காற்றுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது.
இங்கே மரம் என்று இருப்பதெல்லாம்
ஏழாம், எட்டாம், ஒன்பதாம் மேசையில்தான்.

இடப்பக்கம் முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக்.
குழாய், திருகு, கண்ணாடி, விளக்கு;
மிக்சியைப்போல் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.
சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.
சொல்லவில்லை.

ஏழில் வெர்னா டக்கெட்.
முப்பத்தோரு குளிர்காலம்
நெடுஞ்சாலைப் பனியை வாரித் தள்ளியவள்.
அவளுடையது எம்-ஒன் கார்பைன்.
கைக்குழந்தைக்கும் குறைந்த எடை.
வால்நட் கட்டையில் நீளமாய் ஒரு துளை குடைந்து
எண்ணெய்ப் புட்டியையே
தோள்வாருக்குப் பூட்டாக மாட்டியிருக்கிறான்
எவனோ ஒரு சிக்கனக்காரன்.
'அவனைக் கட்டியிருப்பேன்' என்பாள் வெர்னா.

எட்டில் இமானோல் கொயெனெச்சே, ஆட்டு லாரிக்காரன்.
சுவீடன் குதிரைப்படை கைவிட்ட கார்பைன்,
குழல்முனை வரைக்கும் மரச்சட்டை,
பிட்டத்தில் ஒரு பித்தளை வில்லை.
அதில் பொறித்த எண்களுக்கு
வாராவாரம் ஒரு புது அர்த்தம் சொல்வான்.

ஒன்பதில் ரோஸ்கோ ஹின்ச்மன்.
துணி துவைக்கும் எந்திரத்தைக் கொடுத்து
நெம்புகோல் கார்பைன் வாங்கியவன்.
சட்டை அழுக்கு. குண்டு சுத்தம்.

பத்தே முக்காலுக்கு
நூறு கெஜச் சட்டத்துக்குப் பக்கத்தில்
ஒரு கவைக்கொம்பு மான் வந்து நின்றது.
'நிறுத்து! நிறுத்து! நிறுத்து!'
அறைகளைத் திறந்து கொடி செருகி
எல்லோரும் கோட்டுக்குப் பின்னால்.

மான் ரோஸ்கோவின் காகிதத்தை முகர்ந்தது.
சுற்றிப் பார்த்தது.
முன்னங்காலை மடித்து
உட்கார்ந்துகொண்டது.

விசிலுக்கு அசையவில்லை.
லாரி ஹாரனுக்குக் காதைத் திருப்பியது, அவ்வளவே.
இறங்கிப்போய் விரட்டலாம் என்றான் ஒருவன்.
'நீ போ' என்றோம். போகவில்லை.

நாற்பது நிமிஷம்.
மிட்டாய்க் கடைக் கண்ணாடிக்கு வெளியே
காசில்லாப் பிள்ளைகள்போல் நின்றோம்.
மூன்று கார்பைன்களும் மேசையில் வெயில் காய்ந்தன.

தொடக் கூடாது என்றதும்
கண்ணுக்கு விரல் முளைத்துவிடுகிறது.
சுவீடன் மரத்தில் புலிவரி ஓடுவதை
இமானோலே இன்றைக்குத்தான் பார்த்தானாம்.
ஆளிவிதை எண்ணெயின் வாசனை
இவ்வளவு தூரம் வந்தது.
கறுப்புத் துப்பாக்கிப் பையன்கள் இருவர்
மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.
'அந்த நெளிவு எதுக்கு?'
'கன்னம் வைக்க.'
'அந்தத் தழும்பு?'
ரோஸ்கோ யோசித்தான்.
'வாங்கும்போதே இருந்தது.
எனக்கு முன்னால் யாரோ எதையோ தவறவிட்டிருக்கிறார்கள்.'

மான் எப்போது போனது என்று
ஒருவரும் பார்க்கவில்லை.
கத்துகிறவனாவது பார்த்திருக்க வேண்டும்.
பன்னிரண்டுக்குப் பூட்ட வேண்டும்.
மணி பதினொன்று நாற்பது.
'களம் சூடு' என்றேன்.

வெர்னா கட்டையில் கன்னம் பதித்தாள்.
சட்டென்று எடுத்துவிட்டு
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
'சுடுது' என்றாள்.
இன்னும் ஒரு குண்டுகூட ஏற்றவில்லை.
மறுபடி பதித்தாள்.
அடுப்பில் கிடந்த பூனையைத் தூக்கியவள் முகம்.

பதினைந்து ரவையில் ஆறுதான் சுட்டாள்.
ஆறும் இடக்கீழ், ஒரு சாண் தள்ளி.
இமானோல் சிரிக்க வாயெடுத்தான்.
பித்தளை உறைகளைப் பொறுக்கிக்கொண்டே
'காற்று' என்றாள் அவள்.

அப்போது காற்று இல்லை.
நான் சொல்லவில்லை.